ஓமந்தூரார்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவிலிருந்து வடமேற்காக நடந்தால் சிறிது நேரத்தில் கோட்டைக் கொச்சி வந்துவிடும். சுக்கும் மிளகும் மணக்கும் பண்டகசாலைகள் பின்னே நின்றுவிட, பழைய மாதா கோயில்களும் அகன்ற மர நிழல்களும் எதிர்ப்படும். எந்த இடத்தில் ஓர் ஊர் முடிந்து மற்றோர் ஊர் தொடங்கியது என்று நடப்பவருக்குத் தெரியாது. ஆனால் 1947-ஆம் ஆண்டில் இந்த நடை ஓர் ஆட்சியை விட்டு வேறோர் ஆட்சிக்குள் புகும் நடையாக இருந்தது. மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவின் சமஸ்தானம். கோட்டைக் கொச்சியோ 1795-இல் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய மண். பிரிட்டிஷ் கொச்சி என்ற பெயருடன், மலபார் ஜில்லாவின் ஒரு துண்டாக, அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. அங்கே வெளி என்னும் பகுதியில் தலைமுறை தலைமுறையாகச் சலவைத் தொழில் செய்துவரும் தமிழ்க் குடும்பங்கள் உள்ளன என்பதை நம்மிற் பலர் அறிவர். நாடு விடுதலை பெற்ற நாளில் அம்மக்களுக்கும், கோட்டைக் கொச்சி முழுவதற்கும், மாகாண ஆட்சியின் தலைவராக இருந்தவர் திண்டிவனத்துக்கு அருகில் ஓமந்தூர் என்னும் சிற்றூரில் பிறந்த ஓர் உழவர். அவர்தாம் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார்.

ஓமந்தூரார் என்றதும் இன்று நம் தோழர்களுக்கு நினைவு வருவது ஒரு மருத்துவமனை. சென்னை அண்ணா சாலையில், அரசினர் தோட்டத்தில், பெரிய வட்டக் கூரையுடன் நிற்கிறதே, அதுதான். சட்டமன்றத்துக்காகக் கட்டப்பட்டு, 2014-இல் மருத்துவமனையாகத் திறக்கப்பட்ட கட்டடம் அது. ஓமந்தூரார் என்பது ஒரு மனிதரின் பெயரா, இடத்தின் பெயரா என்று விடுதியில் ஒரு நண்பர் என்னைக் கேட்டார். அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. என் ஊர் பண்ருட்டிப் பக்கம். கும்பகோணம் போகும் பேருந்தில் வடலூரைக் கடந்த போதெல்லாம் வள்ளலார் குருகுலம் என்னும் பள்ளியைப் பார்த்தவன்தான் நானும். அதைத் தோற்றுவித்தவர் யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. சென்னையில் மருத்துவமனை, வடலூரில் பள்ளி, இங்கே கோட்டைக் கொச்சி என மூன்று இடங்களிலும் அவர் வாழ்க்கையின் ஓரத்தை மிதித்துக்கொண்டு, அவரை அறியாமலே நடந்திருக்கிறேன். அந்தக் கடனுக்கு ஈடாக இக்கட்டுரை.

அவர் பிறந்தது 1895-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள். திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட அந்நிலம் அப்போது தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. காவிரி பாயும் தஞ்சையைப் போல அங்கே ஆறு வந்து வாசலில் நிற்பதில்லை. மழை பெய்தால் ஏரி நிரம்பும். ஏரி நிரம்பினால் நெல். இல்லையேல் கிணறும் கவலையும், கேழ்வரகும் வேர்க்கடலையும்தாம். அப்படிப்பட்ட மண்ணில் வேளாண்மை செய்யும் குடும்பத்துப் பிள்ளைக்குச் சில பழக்கங்கள் எழுத்தறிவுக்கு முன்பே வந்துவிடுகின்றன. விதைக்கு வைத்த நெல்லைப் பசிக்கு எடுக்கக் கூடாது. மடையில் தன் முறை முடிந்தால் தானே அடைத்துவிட வேண்டும். வரப்பை அங்குலம் நகர்த்துகிறவனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. பிற்காலத்தில் கோட்டையில் அமர்ந்து அவர் நடத்திய ஆட்சியை ஆராய்ந்தால், இந்த மூன்று பழக்கங்களும் கோப்புகளுக்குள் புகுந்திருப்பதைக் காணலாம். இது என் கற்பனை என்று சொல்பவர் சொல்லட்டும்.

திண்டிவனத்தில் பள்ளிப் படிப்பு. அதன்பின் பட்டம், பாரிஸ்டர் என்ற வழியெல்லாம் இல்லை. அந்தக் காலத்து அரசியல் மேடைகளில் வக்கீல்களே நிறைந்திருந்தனர் என்பதை நினைவிற் கொண்டால் இது எவ்வளவு பெரிய குறையாகக் கருதப்பட்டிருக்கும் என்பது விளங்கும். அவர் காங்கிரசில் சேர்ந்தார், கதர் உடுத்தினார், சிறை சென்றார், தென்னார்க்காட்டில் கட்சியை வளர்த்தவர்களுள் முன்வரிசையில் நின்றார். இந்தப் பகுதியை நான் விரைந்து கடக்கிறேன். விடுதலைப் போரில் ஈடுபட்ட பல்லாயிரவர் வாழ்க்கை இவ்வாறே அமைந்தது. ஓமந்தூராரைத் தனித்துக் காட்டுவது போர் முடிந்த பிறகு அவர் செய்தது.

அதற்குமுன் அவருடைய மனத்தின் மற்றொரு பாதியையும் சொல்லியாக வேண்டும். வடலூர் இராமலிங்க அடிகளிடம் அவருக்கு இருந்த பற்று சாதாரணமானதன்று. அடிகள் 1823-இல் தோன்றி 1874-இல் மறைந்தவர். சாதியும் சமயமும் பொய் என்று துணிந்து கூறி, பசியைப் போக்குவதே கடவுள் வழிபாடு என்று வகுத்து, 1867-ஆம் ஆண்டு மே மாதம் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் எழுந்தது அச்சாலை. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. உழவன் ஒருவனுக்கு இதைவிட எளிதாகப் புரியும் சமயம் வேறு எது? விளைவிக்கிறவனுக்கு நெல் தெரியும். நெல் தெரிந்தவனுக்குப் பசி தெரியும். அடிகளிடம் வைத்த பற்றோடு, அன்று திருவண்ணாமலையில் வாழ்ந்திருந்த இரமண மகரிஷியிடமும் அவர் பக்தி கொண்டிருந்தார். அரசியலில் இருந்துகொண்டே துறவிபோல வாழ்ந்தவர் என்று அவரைச் சொல்வது வழக்கம். துறவு என்ற சொல் அவருக்குப் பொருந்துமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. நிலத்தை விட்டுப் போகிறவன் துறவி. இவர் நிலத்தை மாற்றிக்கொண்டே போனார்.

1947-ஆம் ஆண்டு மார்ச்சில் சென்னை மாகாணத்தில் ஆந்திர கேசரி பிரகாசத்தின் மந்திரிசபை கவிழ்ந்தது. அந்த மாகாணம் இன்றைய தமிழ்நாடு அன்று. ஆந்திரக் கடற்கரையும், இராயலசீமையும், மலபாரும், தென் கன்னடமும் அடங்கிய பெருநிலம். நான்கு மொழிகள், நான்கு மொழிகளிலும் கட்சிக்குள் கட்சிகள். இராஜாஜி, பிரகாசம், காமராஜர் என்று மூன்று பெருந்தலைவர்களைச் சுற்றி உறுப்பினர்கள் அணி அணியாகப் பிரிந்து கிடந்தனர். இந்தச் சுழலில்தான் காமராஜரின் ஆதரவோடு ஓமந்தூராரின் பெயர் எழுந்தது. அவர் உடனே தலையாட்டவில்லை. தயங்கினார், திருவண்ணாமலைக்குச் சென்று மகரிஷியின் முன் நின்ற பின்னரே இசைந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. மார்ச் 23-ஆம் நாள் பதவி ஏற்றார். அந்நாளில் மாகாண ஆட்சித் தலைவருக்குப் பிரதமர் என்றே பெயர். ஐந்து மாதத்துக்குள் ஆகஸ்டு 15 வந்தது. இவ்வாறாக, ஆங்கிலேயரின் கீழ் பதவி ஏற்று, சுதந்திர நாட்டில் அதைத் தொடர்ந்து நடத்தும் வாய்ப்பு, பட்டம் பெறாத ஓர் உழவருக்கு வாய்த்தது.

இனி அவர் ஆட்சி. 1949-ஆம் ஆண்டு ஏப்ரல் 6 வரை, எண்ணிப் பார்த்தால் ஏறத்தாழ 745 நாள். அந்நாட்களுக்குள் நிறைவேறியவற்றைப் பார்க்கும்போது, பிற்கால ஆட்சிகள் ஐந்தாண்டு முழுவதும் இருந்து செய்தவை சற்று மெலிந்து தோன்றுகின்றன.

ஆலயப் பிரவேசம் ஒன்று. திருவிதாங்கூரில் 1936-இலேயே அரசர் பிரகடனத்தால் கோயில்கள் திறக்கப்பட்டுவிட்டன. சென்னை மாகாணத்தில் 1939-இல் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அரிசன அன்பர்களை அழைத்துச் சென்றதும், அதை ஒட்டி இராஜாஜி சட்டம் செய்ததும் வரலாறு. ஆயினும் அது கதவைப் பாதி திறந்த சட்டமே. கோயிலை நடத்துவோர் மனம் வைத்தால் திறக்கலாம் என்ற நிலை. 1947-இல் ஓமந்தூரார் ஆட்சியில் வந்த சட்டம் கோயிலுள் நுழைவதை எல்லா இந்துக்களின் உரிமையாக்கியது. தேவதாசி முறைக்கு முடிவு கட்டிய சட்டமும் அதே ஆண்டு அக்டோபரில் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இருபது ஆண்டுகளாக விடாது வாதாடிய பொருள் அது. பெண்மக்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுவது அன்றுமுதல் குற்றமாயிற்று. கோயில் சொத்துகளையும் மடங்களின் சொத்துகளையும் கணக்குக்கு உட்படுத்தும் பெரிய முயற்சியும் அவர் காலத்தில் தொடங்கி, 1951-இல் அறநிலையச் சட்டமாக உருப்பெற்றது. இவற்றையெல்லாம் செய்தவர் நாத்திகர் அல்லர். நாள் தவறாது இறைவனை நினைத்தவர். பக்தர் ஒருவர் கோயிலின் கணக்கைக் கேட்டதுதான் பலருக்குப் பொறுக்கவில்லை.

ஜமீன்தாரி ஒழிப்பு இன்னொன்று. 1802-இல் கும்பினியார் நாட்டின நிலவரி ஏற்பாடு அது. ஆளுக்கு ஒரு பகுதியை நிரந்தரமாக வகுத்துக் கொடுத்து, குடியானவனுக்கும் அரசுக்கும் நடுவே ஜமீன்தார் என்ற சுவரை எழுப்பியது. முதலில் 1947-இல் ஜமீன் நிலங்களின் வாரத்தைக் குறைத்தனர். அடுத்து 1948-ஆம் ஆண்டின் 26-ஆவது சட்டம் ஜமீன்களையே ஒழித்து, உழுபவன் அரசுக்கு நேரே வரி செலுத்தும் இரயத்துவாரி முறைக்கு மாற்றியது. இதற்கான விதையை ஊன்றியவர் பிரகாசம் என்பதையும் இங்கே சொல்வது நேர்மை. 1937-இல் அமைந்த ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் அவரே. யாருடைய இடத்தில் ஓமந்தூரார் அமர்ந்தாரோ, 1948-இல் யாருடைய போட்டியை வென்று மீண்டும் கட்சித் தலைவரானாரோ, அந்தப் பிரகாசம் விதைத்ததை இவர் அறுவடை செய்தார்.

மதுவிலக்கையும் விட முடியாது. 1937-இல் சேலத்தில் மட்டும் தொடங்கிய மதுவிலக்கு, படிப்படியாக விரிந்து, 1948-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் மாகாணம் முழுவதற்குமான சட்டமாயிற்று. அரசின் மிகப் பெரிய வருமானங்களில் ஒன்றைத் தன் கையாலேயே வெட்டி எறிந்த செயல் அது. வெற்றியா தோல்வியா என்று இன்று வாதிடுவது எளிது. வருமானம் போய்விடும் என்ற அச்சத்தைக் காட்டி அதை நிறுத்திவைக்க அன்றும் ஆட்கள் இருந்தார்கள்; அவர் நிறுத்திவைக்கவில்லை என்பதே நான் இங்கே குறிக்க வந்தது.

மாணவராகிய நாம் சற்று நின்று பார்க்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அது 1947 நவம்பரில் வந்த வகுப்புவாரி ஆணை. வேலைகளையும் கல்லூரி இடங்களையும் சமூகங்களுக்குப் பங்கிடும் முறை நீதிக்கட்சி காலத்திலிருந்தே இருந்து வந்தது. பழைய கணக்கில் இடங்கள் பன்னிரண்டு. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறித்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்குமாக 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. ஓமந்தூரார் ஆட்சி இதைப் பதினான்காக்கியது. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, பிராமணருக்கு 2, கிறித்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1. கூட்டல் கழித்தல் தெரிந்தவர்கள் பாருங்கள். தாழ்த்தப்பட்டோர் பங்கு நூற்றுக்கு எட்டேகாலிலிருந்து பதினான்கேகால் ஆயிற்று. பிற்பட்டோர் என்ற பிரிவுக்குத் தனி இடம் பிறந்தது இப்போதுதான். அதற்குமுன் பிராமணரல்லாதார் என்ற ஒரே கூடையில் நிலமும் கல்வியும் உடைய சமூகங்களும், ஆடு மேய்த்தவர் பிள்ளைகளும் ஒன்றாகக் கிடந்தனர். கூடையில் மேலே இருந்தவர்களே எடுக்கப்பட்டனர். ரெட்டியாரோ அந்தக் கூடையில் மேலே இருந்த சமூகத்தைச் சேர்ந்தவர். முஸ்லிம், கிறித்தவர் பங்குகள் இதிலே பாதிக்குமேல் சுருங்கின என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இந்த ஆணையால் அவருக்கு எதிரிகள் பெருகினர். தாடியில்லாத ஈ.வெ.ரா. என்று அவரைப் பழித்தவர்களும் உண்டு. 1951-இல் செண்பகம் துரைராசன் வழக்கில் அந்த ஆணை அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. சென்னை மாகாணத்தில் எழுந்த கிளர்ச்சியின் எதிரொலியாக அதே ஆண்டு அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. பிற்பட்டோருக்குத் தனிச் சலுகை செய்ய அரசுக்கு உரிமை தந்தது. இன்று நம் பல்கலைக்கழகச் சேர்க்கைப் பட்டியலில் பிற்பட்டோர் என்ற தலைப்பின் கீழ் நம் பெயர்களைக் காணும்போது, அந்தத் தலைப்புக்குப் பின்னே உள்ள நெடிய வழக்கில் பதினான்கு என்ற எண்ணுக்கும் இடமுண்டு.

இத்துணைப் புகழ்ந்த பிறகு, புகழ முடியாததையும் எழுதாவிட்டால் இது வாழ்க்கை வரலாறு ஆகாது, வாழ்த்துமடல் ஆகிவிடும். கருஞ்சட்டைப் படையை 1948 மார்ச்சில் தடை செய்தது அவருடைய அரசுதான். அதே ஆண்டு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதும், எதிர்த்த பெரியாரைச் சிறையிட்டதும் அவருடைய அரசுதான். கல்வி மந்திரி அவினாசிலிங்கம் செட்டியாரின் கொள்கை அது என்று சிலர் ஒதுக்கிவிடுவர். மந்திரிசபைக்குத் தலைவர் யார் என்று நாம் திருப்பிக் கேட்கலாம். பொதுவுடைமைக் கட்சியினர் மீது நடந்த அடக்குமுறை இதினும் கடுமையானது. இங்குள்ள மலையாள நண்பர்கள் ஏ.கே.ஜி. என்று அன்போடு அழைக்கும் ஏ.கே. கோபாலன், விடுதலை நாளன்று கண்ணூர்ச் சிறையில் இருந்தார். சில வாரங்களில் வெளிவந்தவர் அந்த ஆண்டின் இறுதியிலேயே மீண்டும் பிடிக்கப்பட்டார். கண்ணூரும் அன்று சென்னை அரசின் ஆளுகையில்தான் இருந்தது. கோபாலன் தம்மைக் காவலில் வைத்ததை எதிர்த்துத் தொடுத்து 1950-இல் தீர்ப்பான வழக்கு, சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கும் பெருவழக்கு. அதன் எதிர்த்தரப்புப் பெயர் சென்னை இராஜ்யம். பசித்தவனிடம் அத்துணை இரக்கம் கொண்டவர், பசியைப் பற்றி வேறு மொழியில் பேசியவர்களைச் சிறைக்கு அனுப்பினார். இந்த முரண்பாட்டை அவிழ்க்க என்னால் இயலவில்லை. ஒழுங்கு குலையக் கூடாது என்ற உழவரின் பிடிவாதம் ஆட்சிக்கு வரும்போது இப்படியும் திரியும் போலும்.

இனிப்பான செய்தி ஒன்றுக்கு வருவோம். பாரதியார் 1921-இல் மறைந்தபின் அவர் பாடல்களின் உரிமை பல கைகளுக்குப் போயிருந்தது. பாட்டை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. நாடெங்கும் பாட வேண்டிய பாட்டுக்கு உரிமையாளர் ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டிய நிலை. எழுத்தாளர்களும் நாடகக் கலைஞர் டி.கே. சண்முகமும் பிறரும் சேர்ந்து கிளர்ச்சி செய்தனர். ஓமந்தூரார் செவி சாய்த்தார். மெய்யப்பர் தம் உரிமையை விலை வாங்காமலே கொடுத்தார். 1949-இல் பாரதியின் படைப்புகள் அரசுடைமையாயின. சில ஆண்டுகளில் பொதுமக்கள் உடைமையாகவும் ஆயின. ஒரு கவிஞனுடைய எழுத்து முழுவதையும் அரசு பெற்று மக்களுக்கு வழங்கிய செயல் நம் நாட்டுக்கு அப்போது புதிது. நம் சங்கத்து ஆண்டு விழாவில் யாரிடமும் அனுமதி கேளாமல் பாரதி பாட்டைப் பாடுகிறோமே, அந்த வசதி அன்று கிடைத்தது.

அவர் எப்படி வீழ்ந்தார்? எந்த ஊழலாலும் அன்று. எந்தத் தோல்வியாலும் அன்று. சட்டமன்ற உறுப்பினர்கள் சிபாரிசுடன் வருவார்கள். இவருக்கு இடமாற்றம், அவருக்குக் குத்தகை, இன்னொருவருக்கு உரிமம். இவர் மறுப்பார். கட்சிக்காரர் என்பதற்காக எவருக்கும் அரசாங்கத்தின் கதவைத் திறந்துவிட அவருக்கு மனம் வரவில்லை. அதிகாரிகளின் வேலையில் உறுப்பினர்கள் தலையிடுவதை அவர் வெளிப்படையாகவே வெறுத்தார். பேச்சிலும் நயம் குறைவு என்பர். விடுதலைக்காகச் சிறை சென்றவர்கள், அந்தத் தியாகத்துக்கு ஏதேனும் பலன் கேட்கும் காலம் அது. அவர்களைப் பார்த்து முகத்தைச் சுளித்த தலைவருக்கு எத்தனை நாள் ஆதரவு நிலைக்கும்? எழுப்பிவிட்ட காமராஜரின் அணியே விலகியது. 1949 ஏப்ரலில் அவர் விலக, குமாரசாமி ராஜா பதவி ஏற்றார். தமக்கென ஓர் அணியை ஓமந்தூரார் சேர்த்து வைத்திருக்கவில்லை. ஆகவே அவருக்காகப் போராடவும் யாரும் இல்லை. பிற்காலத்தில் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கவும் ஒரு கட்சி இல்லை. அவரை நாம் மறந்ததற்குக் காரணம் தேடுவோர் இங்கேதான் தேட வேண்டும் என்று நினைக்கிறேன்.

அப்போது அவருக்கு வயது 54. அரசியல்வாதிக்கு அது நடுப்பகல். தோற்றவர்கள் புதுக் கட்சி தொடங்குவர். அல்லது கவர்னர் பதவிக்குக் காத்திருப்பர். இவர் வடலூருக்குப் போனார். இதைத்தான் நான் முன்னே நிலத்தை மாற்றிக்கொண்டார் என்று சொன்னேன். மாகாணம் முழுவதையும் ஆண்ட கை, ஒரு சிற்றூரில் பள்ளிக்குக் கட்டடம் எழுப்பும் வேலையில் இறங்கியது. இராமலிங்க அடிகளின் நெறியில் சுத்த சன்மார்க்க நிலையம் என்னும் அமைப்பை நிறுவினார். அதன் நிழலில் வள்ளலார் குருகுலம் எழுந்தது. ஆதரவற்ற சிறுவர்க்கும் முதியோர்க்கும் அங்கே புகலிடம் கிடைத்தது. தம் பொருளையும் உழைப்பையும் அங்கேயே செலவிட்டார்.

வடலூரின் சுற்றுப்புறம் அன்று எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். செம்மண் மேடு, முந்திரிக் காடு, கோடையில் நெருப்பாய்க் கொதிக்கும் காற்று. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக மண்ணைப் பிளக்கும் பெருந்திட்டம் 1956-இல் நிறுவனமாக உருவெடுத்தது. அருகருகே இரண்டு வேலைகள். அங்கே பூமியின் அடியிலிருந்து நெருப்பை வெளியே எடுக்க ஆயிரமாயிரம் பேர். இங்கே அடிகள் மூட்டிய அடுப்பின் அருகில் பிள்ளைகளுக்குச் சோறும் எழுத்தும் கொடுக்க ஒரு முதியவர். விஞ்ஞான மாணவனாகிய எனக்கு நெய்வேலி சிறு வயதிலேயே தெரியும். பள்ளிச் சுற்றுலாவில் சுரங்கத்தின் விளிம்பில் நின்று வாய் பிளந்திருக்கிறேன். வந்த வழியில் இருந்த மற்றதை யாரும் காட்டவில்லை.

ஆட்சியில் இருந்தது இரண்டே ஆண்டு. வடலூர்த் தொண்டோ இருபத்தோர் ஆண்டு. வரலாற்று நூல்களில் முன்னதற்கு ஒரு பக்கம் கிடைக்கிறது. பின்னதற்கு ஒரு வரி. பள்ளியைக் கட்டுவதில் எழுதிவைக்கத்தக்க நிகழ்ச்சி குறைவு என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் சூன் மாதம் பிள்ளைகள் சேர்கிறார்கள், ஏப்ரலில் போகிறார்கள். வாத்தியாருக்குச் சம்பளம் தேட வேண்டும். கூரை ஒழுகினால் அடைக்க வேண்டும். அரிசி தீருமுன் அரிசி வந்திருக்க வேண்டும். வேளாண்மையும் அப்படித்தான். நேற்று நீர் பாய்ச்சினேன் என்று இன்று சும்மா இருக்க முடியாது. எந்த நாளையும் தனியே எடுத்துக் காட்டி, இதோ இன்று சாதித்தேன் என்று சொல்லவும் முடியாது.

அவர் வடலூரில் இருந்த காலத்தில் வெளியே உலகம் மாறிக்கொண்டிருந்தது. 1949 ஜூலையில் கொச்சியும் திருவிதாங்கூரும் ஒன்றாயின. 1953-இல் ஆந்திரம் பிரிந்தது. 1956 நவம்பரில் மலபார் கேரளத்தோடு இணைந்தது. அத்தோடு கோட்டைக் கொச்சிக்கும் சென்னைக்கும் இருந்த ஆட்சித் தொடர்பு அறுந்தது. 1967-இல் மட்டாஞ்சேரியும் கோட்டைக் கொச்சியும் எறணாகுளமும் ஒரே மாநகராட்சி ஆயின. அதே ஆண்டு சென்னையில் காங்கிரசு வீழ்ந்து அண்ணா முதலமைச்சரானார். 1948-இல் ஓமந்தூரார் அரசை எதிர்த்து இந்திப் போரை முன்னின்று நடத்தியவர், அவர் அமர்ந்த அதே கோட்டையில் அமர்ந்தார். அவர் ஆண்ட மாகாணம் நான்கு மாநிலங்களின் பகுதிகளாகச் சிதறியது. அவர் வாழ்ந்த வடலூர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

1970-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் ஓமந்தூரார் மறைந்தார். வயது 75. பிற்காலத்தில் அந்த நிலையத்தின் பொறுப்பைப் பொள்ளாச்சி நா. மகாலிங்கம் ஏற்று நெடுங்காலம் பேணினார். பள்ளி இன்று மேல்நிலைப் பள்ளியாக நடந்துவருகிறது.

பூசை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பண்ருட்டியிலேயே இறங்கிவிடுவது என் வழக்கம். இந்த முறை சீட்டு வடலூர் வரைக்கும் எடுப்பதாக இருக்கிறேன். மருத்துவமனையின் பெயரைப் பற்றிக் கேட்ட அந்த விடுதி நண்பரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.